கருவி பழுதானால் ஆள் மாறுமா? மூளைக்காயமும் ஊரின் கடமையும்

கை போனவரைப் பார்த்து ‘இவர் யார்’ என்று யாரும் கேட்பதில்லை. கண் போனவரிடமும் அந்த ஐயம் எழுவதில்லை. தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவரைப் பற்றி மட்டும், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, “ஆளே மாறிட்டாரு”, “பழைய மனுஷன் இல்ல” என்று வீட்டாரும் ஊராரும் சொல்கிறார்கள். சமயமும் தத்துவமும் நெடுங்காலமாக விவாதித்து வரும் ஒரு கேள்வி இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. நினைவும் சுபாவமும் பேச்சும் குலைந்த பிறகு எஞ்சியிருப்பவர் அதே ஆளா? ஆம் எனில், அவருக்குச் சுற்றத்தாரும் ஊரும் கடன்பட்டிருப்பது எது? முதற்கேள்விக்குத் தரும் விடைதான் இரண்டாவதை முடிவு செய்கிறது. பழைய ஆள் போய்விட்டார் என்று மனத்துக்குள் முடிவு கட்டிய ஊர், உடலுக்குச் சோறு போடுவதோடு தன் கடமை தீர்ந்ததாக நினைத்துக்கொள்ளும்.

காயமும் அதன் இடமும்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியைச் சூழ்ந்த பட்டாசு வட்டாரத்தில், எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில், இந்தக் கேள்விக்கு உயிருள்ள காரணங்கள் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர், முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் நடந்த இரு விபத்துகளில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் பெண்கள். இறந்தோர் எண்ணிக்கை செய்தியாகிறது. காயம்பட்டோர் பட்டியல் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது.

வெடிவிபத்தில் கண்ணுக்குத் தெரிவது தீக்காயம். மூளைக்குச் சேதம் நான்கு வழிகளில் வரலாம். வெடிப்பின் அழுத்த அலை மண்டையோட்டைத் தாண்டி உள்ளே பாய்வது ஒன்று. பறந்துவரும் கல்லும் இரும்பும் தாக்குவது இரண்டாவது. மனிதர் தூக்கி வீசப்படுவதும் அறையின் சுவரும் கூரையும் மேலே விழுவதும் மூன்றாவது. புகையிலும் நச்சு வாயுவிலும் மூச்சு முட்டி மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நிற்பது நான்காவது. இவற்றில் முதலாவதும் நான்காவதும் தலையில் தழும்பே வைக்காமல் போகக்கூடும். தீக்காயத்துக்குப் புண் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், மாதங்கள் கழித்தும் மறதியோடும் எரிச்சலோடும் இருப்பதற்குக் காரணம் யாருக்கும் புலப்படாமல் போவது இதனால்தான். ஆலைக்கு வெளியே, இருசக்கர வாகன விபத்தும் பக்கவாதமும் இதே நிலையைக் கொண்டுவருகின்றன.

மூளைக்காயத்தின் விளைவு அடிபட்ட இடத்தைப் பொறுத்தது. முன்மடலில் பட்டால் திட்டமிடுதல், பொறுமை, நாவடக்கம் ஆகியவை கெடும். எதையும் தானாகத் தொடங்காமல் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதும் உண்டு. பக்கமடலின் உட்பகுதி பழுதானால் நேற்று நடந்தது நிற்காது, இருபது ஆண்டுக்கு முன் நடந்தது நிற்கும். பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையில் இருக்கும் மொழிப்பகுதி சேதமானால், சொல்ல வேண்டியது தெரிந்தும் சொல் வராது. இத்தகைய நோயாளி ஒருவரைக் கொண்டுதான் பால் புரோக்கா 1861இல் பாரிசில் பேச்சுக்கான மூளைப்பகுதியை அடையாளம் காட்டினார். சிறுமூளை தாக்கப்பட்டவர் தள்ளாடி நடப்பார், நாக்குழறிப் பேசுவார். தெருவில் அவரைக் குடிகாரர் என்று நினைத்து ஒதுங்குவார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது அயர்ச்சி: பத்து நிமிடப் பேச்சே ஒரு நாள் வேலையின் களைப்பைத் தரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகத் தெரிகிறது.

வெடிமருந்தும் கேஜும்

மூளைக்காயம் பற்றிய உலகப் புகழ்பெற்ற நேர்வு வெடிமருந்துத் தொழிலாளி ஒருவருடையதே. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த 25 வயது போர்மேன் பினியஸ் கேஜ், துளையில் மருந்தை இரும்புக் கம்பியால் கிட்டித்தபோது அது தீப்பற்றியது. ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் நீளமும் 6 கிலோ எடையும் கொண்ட கம்பி இடக் கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலையைத் துளைத்து வெளியே விழுந்தது. கேஜ் பிழைத்தார், நடந்தார், பேசினார். மருத்துவர் ஜான் ஹார்லோ இருபது ஆண்டுகள் கழித்து, 1868இல் எழுதிய அறிக்கையில், நிதானமும் திறமையும் உள்ளவராக அறியப்பட்ட கேஜ் பொறுமையற்றவராக, வாய்க்கு வந்ததைப் பேசுபவராக ஆனதையும், பழைய நண்பர்கள் ‘இவர் கேஜ் இல்லை’ என்றதையும் பதிவு செய்தார். முன்பு அவரை மிகத் திறமையானவர் என்று கருதிய முதலாளிகள் பழைய வேலையைத் திரும்பத் தரவில்லை.

பாடநூல்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். கேஜின் பிற்கால வாழ்வு வேறொன்றைக் காட்டுகிறது. அவர் குதிரை லாயம் ஒன்றில் வேலை பார்த்தார். பின்னர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று, பல குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைச் சில ஆண்டுகள் ஓட்டினார். வலிப்பு வந்து 1860இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே வேலையை ஒரே வரிசையில் செய்து, ஒரே பாதையில் போய்வரும் அந்த ஒழுங்கு, அவர் இழந்த உள்ளொழுங்குக்கு ஈடாக நின்றிருக்கக்கூடும் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்த மால்கம் மேக்மில்லன் கருதினார். ‘கேஜ் இல்லை’ என்ற தீர்ப்பு அவசரப்பட்ட தீர்ப்பு என்பதே இதன் பொருள்.

உணர்வு உடலின் விளைவு என்போர்

கம்பி ஒன்று சுபாவத்தை மாற்றுமானால், சுபாவம் மூளையின் விளைவுதானே என்ற வாதம் இயல்பாக எழுகிறது. தமிழுக்கு இது புதிதில்லை. மணிமேகலையில் சமயக்கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கும் காதையில் பூதவாதி இதைச் சொல்கிறான்: தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது கள்ளின் வெறி பிறப்பதைப்போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரியும்போது போய்விடுகிறது. நீலகேசியும் பூதவாதத்துக்கு ஒரு சருக்கம் ஒதுக்கி அதை மறுக்கிறது. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பிற மதங்களை ஆராயும்போது முதலில் எடுத்துக்கொள்வது, உடலுக்கு அப்பால் உயிர் இல்லை என்னும் உலகாயதத்தைத்தான். எதிர்த்தரப்பு வலுவானது என்பதை இந்நூல்கள் அறிந்திருந்தன.

மூளைக்காயம் பூதவாதிக்குச் சாதகமான சான்றுபோலத் தோன்றும். ஆனால் அவன் கொள்கை ஒரு நேரடியான இடர்ப்பாட்டில் போய் முட்டுகிறது. கலவை மாறினால் விளைவு மாறும் என்றால், அடிபட்டவர் வேறொரு ஆள். அப்படியானால் மனைவி கணவரை இழந்துவிட்டாள். குழந்தைக்குத் தந்தை இல்லை. அவருக்குத் தரவேண்டிய சம்பளப் பாக்கியும் இழப்பீடும் வேறு யாருக்கோ உரியவை. இதை யாரும் ஏற்பதில்லை. இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694இல் ஆள் ஒருமைக்கு அடிப்படை நினைவுத் தொடர்ச்சி என்றார். அந்த அளவுகோலின்படியும், நினைவு அறுந்தவர் அறுந்த இடத்தோடு முடிந்துபோகிறார்.

பௌத்தம் வேறு வழி காட்டுகிறது. நிலையான ஆள் என்று யாருக்கும் ஒன்று இல்லை. எல்லோரும் சார்பிலிருந்து சார்பு தோன்றும் ஓட்டமே என்று மணிமேகலையின் இறுதிக் காதைகள் விளக்குகின்றன. இதன்படி அடிபட்டவர் மட்டும் ‘மாறியவர்’ என்று பிரித்துக் காட்டப்படுவதற்கு நியாயமில்லை, மற்றவர்களும் மாறிக்கொண்டே இருப்பதால். ஓட்டம் அறுபடாதவரை கடமையும் அறுபடாது. ஆறுதல் தரும் விடை இது. ஆயினும் “இவரே என் அப்பா” என்று சொல்லும் வீட்டுக்கு, அந்த ‘இவர்’ எங்கே நிற்கிறார் என்பதை இது சொல்லாது.

சைவ சித்தாந்தத்தின் விடை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டு சூத்திரங்களால் ஆன சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை உயிர் உண்டு என்று நிறுவுவதற்கு ஒதுக்கினார். உடலை ‘எனது உடல்’ என்று ஒருவர் சொல்வது, ஐந்து புலன்களின் செய்தியையும் ஒருங்கே அறிவது, உறங்கும்போது உண்ணலும் செயலும் நின்றும் ஆள் அழியாமை ஆகியவை அவருடைய காரணங்களில் சில. நான்காம் சூத்திரம் இன்னும் ஒரு படி போகிறது. உயிர் உடலிலிருந்து வேறுபட்டது என்பதோடு, மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கு அந்தக்கரணங்களிலிருந்தும், அதாவது உட்கருவிகளிலிருந்தும், அது வேறுபட்டது.

மூளைக்காயத்தைப் பற்றிச் சிந்திப்பவர் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. பல சமய மரபுகளில் மனமும் ஆன்மாவும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. அங்கே மனம் சிதைந்தால் ஆன்மா சிதைந்ததாகத் தோன்றிவிடும். சித்தாந்தத்தில் மனம் மாயையின் காரியம், சடப்பொருள். பற்றுவது மனம், தீர்மானிப்பது புத்தி, ‘நான்’ என்று எழுந்து செயலில் புகுவது அகங்காரம், சிந்திப்பது சித்தம். நான்கும் கருவிகள். ஒரு மருத்துவர் கவனச்சிதைவு, தீர்மானக்குறைவு, முனைப்பின்மை, நினைவிழப்பு என்று வகைப்படுத்துவதைச் சித்தாந்தி கருவிகளின் பழுது என்று கொள்வதில் முரண் எதுவும் இல்லை. மெய்கண்டார் நரம்பியலை முன்னறிந்தார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. தலையில் விழும் அடி மனத்தைக் குலைக்கும் என்ற உண்மை அவருடைய கொள்கையைக் குலைப்பதில்லை என்பது மட்டுமே பொருள்.

ஆனால் இந்த விடையைப் பாதியில் நிறுத்தினால் ஆபத்து. ‘உள்ளே உயிர் பழுதின்றி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, பழுதான கருவியைக் கவனிக்காமல் விடுவதற்கு அதுவே சாக்காகிவிடும். சித்தாந்தம் அப்படி நிறுத்துவதில்லை. கட்டுற்ற நிலையில் உயிர், கருவி இல்லாமல் எதையும் அறியாது. மூன்றாம் சூத்திரமே சொல்லும் இன்னொரு காரணம், உயிர் உணர்த்தினால் உணரும் என்பது. தானாக அறிவது இறைவன் மட்டும். உயிர் பிறிதொன்றின் துணையால் அறிவது. அதோடு, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாய் நிற்கும் என்ற கொள்கையும் உண்டு. சார்ந்ததன் வண்ணமாதல் என்று அதைக் குறிப்பிடுவார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முக்கியமான ஒரு முடிவு கிடைக்கிறது. துணையால் அறிவது அடிபட்டவருக்கு மட்டும் நேர்ந்த குறை ஆகாது. உயிராய்ப் பிறந்த எல்லோருக்கும் அதுவே இயல்பு. முதலாளியும் போர்மேனும் ஆசிரியரும் பூசாரியும் உணர்த்த உணர்பவர்களே. அவர்களுக்குத் துணைகள் வேலை செய்துகொண்டிருப்பதால் அது வெளியே தெரிவதில்லை. மூளைக்காயம் பட்டவரிடம் உட்கருவிகள் சில பழுதாகிவிட்டன. ஆகவே வெளித்துணை கூடுதலாக வேண்டியிருக்கிறது. இந்தக் கடைசிப் படி மெய்கண்டார் எழுதியது அன்று. அவர் கொள்கையிலிருந்து பெறப்படும் நீட்சி. கேஜின் பிற்கால வாழ்வு இதற்கு ஒத்துவருகிறது. அவருக்குக் குதிரைவண்டி வேலையின் ஒழுங்கு வெளியே நின்ற புத்தியாக உதவியிருக்கலாம். மறதியுள்ளவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை எடுத்துத் தரும் மகள் வெளியே நிற்கும் சித்தம். ஊர் என்பது இந்த வகையில் ஒரு கருவி.

பேசாதவரிடம் உயிர் உண்டா

நினைவும் பேச்சும் முற்றிலும் அடங்கியவரிடம் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சித்தாந்தம் உயிரின் நிலைகளை ஐந்து அவத்தைகளாக வகுத்தது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். நனவில் முப்பத்தைந்து கருவிகள் தொழிற்படும், கனவில் இருபத்தைந்து, பிறகு மூன்று, இரண்டு, கடைசியில் உயிர் தனியே நிற்கும். கருவிகள் ஒன்றொன்றாய் ஒதுங்கினாலும் உயிர் இல்லாமல் போவதில்லை என்பது இந்தக் கணக்கின் கருத்து. இவ்வவத்தைகளை மருத்துவத்தின் நிலைகளோடு ஒன்றுக்கொன்று பொருத்தக் கூடாது. ஆனாலும் உணர்வு ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டில் அடங்காமல் படிப்படியானது என்பதை இரண்டுமே ஏற்கின்றன.

கண் திறக்காத ஆழ்மயக்கம், கண் திறந்தும் பதில் தராத நிலை, சிறிதளவு உணர்வு விட்டுவிட்டு வரும் நிலை என்று மருத்துவம் வேறுபடுத்துகிறது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், பதில் தராத நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொல்லி மூளையைப் படம்பிடித்தபோது, நலமாக உள்ளவர்களிடம் இயங்கும் அதே பகுதி இயங்கியது. 2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், சொன்னதைச் செய்துகாட்ட முடியாதவர்களாகக் கருதப்பட்ட 241 பேரில் 60 பேரிடம், கட்டளைக்கு மூளை பதிலளித்த அடையாளம் தெரிந்தது. நான்கில் ஒருவர். கட்டிலைச் சுற்றி நின்று ‘இதுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று பேசுவதற்கு இந்த எண் இடம் தராது.

மூளைச்சாவு இவற்றிலிருந்து வேறுபட்டது. மூளைத்தண்டின் செயல் மீளாதபடி நின்றுவிட்டதை மருத்துவர் குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்யும். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அதை இறப்பாகவே ஏற்கிறது. உறுப்புக்கொடையில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பதால் ‘மூளைச்சாவு’ என்ற சொல் ஊர்களில் பரவலாகப் புழங்குகிறது. ஆழ்மயக்கத்தில் இருப்பவரையும் அந்தச் சொல்லால் குறிப்பது பிழை. மூளைச்சாவு முடிவு, ஆழ்மயக்கத்தில் மீட்சிக்கு வாய்ப்பு இருக்கிறது.

வினையும் விபத்தும்

பட்டாசு வட்டாரத்தில் அடிபட்டவரின் வீட்டில் அடிக்கடி கேட்கும் சொற்கள் ‘தலையெழுத்து’, ‘போன ஜென்மத்துப் பாவம்’. துன்பப்படுபவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும்போது இந்தச் சொற்கள் தாங்கும் வலிமையைத் தரலாம். பிறர் அவரைப் பார்த்துச் சொல்லும்போது அவை தீர்ப்பாகிவிடுகின்றன. சித்தாந்தத்தின்படி வினை சடம். அது தானாக வந்து யாரையும் பற்றாது. அதை அளந்து ஊட்டுபவன் இறைவன். எந்த வினை எந்த நிகழ்ச்சியாக வந்தது என்று அளக்கும் தகுதி பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. வினை, சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், புதிதாக ஈட்டும் ஆகாமியம் என மூவகை. அடிபட்டவருக்கு நேர்ந்தது பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அதைப் பார்த்தும் ஒதுங்கிப் போனவர் அந்தக் கணத்தில் ஈட்டிக்கொள்வது ஆகாமியம். வினைக்கோட்பாட்டைச் சரியாகக் கொண்டால் அது பார்ப்பவரின் பொறுப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு; ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. பின்னதில், ஊழ் துணை நில்லாமை எவர்க்கும் பழி ஆகாது, அறிந்து முயலாமையே பழி என்று உரையாசிரியர் பொருள் கொள்ளும் குறள் இருக்கிறது. வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கம் இதே தடையை நேராக எதிர்கொள்கிறது. வினையால் துன்புறுவோருக்கு உதவுவது இறைவன் ஆணைக்கு மாறாகாதா என்ற வாதத்துக்கு, சிறையில் இருக்கும் குற்றவாளிக்கும் அரசன் தன் ஊழியரைக் கொண்டு உணவளிப்பதை அது விடையாகத் தருகிறது. 1867இல் வடலூரில் தருமசாலை எழுந்தது இந்தச் சிந்தனையின் மேல்தான். யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி ‘பாவம் செய்தது இவரா, பெற்றோரா’ என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவரும் அல்லர் என்று இயேசு கேள்வியையே தள்ளிவிடுகிறார்.

வெடிவிபத்தில் இன்னொரு காரணமும் உண்டு. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆட்களை அமர்த்துவது, அளவுக்கு மேல் மருந்தைக் குவித்து வைப்பது, உராய்வு, அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை செய்வது என விசாரணைகள் திரும்பத் திரும்பக் காணும் காரணங்கள் மனிதரின் செயல்கள். அவற்றை விதியின் கணக்கில் எழுதுவது, தடுக்கக்கூடியவர்களை விடுவித்துவிட்டு அடிபட்டவர்மேல் பழியை ஏற்றுவதாகும்.

குற்றமும் பொறுப்பும்

முன்மடல் காயம்பட்டவர் மனைவியைத் திட்டலாம், கை ஓங்கலாம், கூட்டத்தில் கூசும்படி பேசலாம். இது அவர் செய்த தவறா? இஸ்லாமியச் சட்ட மரபு, உறங்குபவர், குழந்தை, அறிவு நிலைகுலைந்தவர் ஆகிய மூவர்மேலும் கடமையின் கணக்கு எழுதப்படுவதில்லை என்கிறது. அவர்களின் உரிமைகள் மட்டும் நிற்கின்றன. கத்தோலிக்க ஒழுக்கவியல் சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும், மனநிலை குன்றியதால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதவர் செய்ததைக் குற்றமாகக் கொள்வதில்லை. மூன்றும் ஒரே திசையில் நிற்கின்றன: கருவி பழுதான அளவுக்குப் பழி குறைகிறது.

பழி குறைவதால் அடி வாங்குபவரின் வலி குறைவதில்லை. ‘அவரு வேணும்னா செய்றாரு’ என்று மாமியார் சொல்லும் வீட்டில் மருமகள் தனியே தாங்க வேண்டியிருந்தால், ஒருவரின் பொறுப்பின்மை இன்னொருவர்மேல் தண்டனையாக விழுகிறது. பழியிலிருந்து நோயாளியை விடுவிக்கும் அறம், பராமரிப்பவரின் பாதுகாப்பையும் ஓய்வையும் ஊர் ஏற்கும்போதுதான் முழுமை பெறுகிறது.

கோயிலும் சட்டமும் ஊரும்

சிந்தை மாறியவரை முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்வது தமிழகத்தில் பழைய வழக்கம். குணசீலம் பெருமாள் கோயிலும் ஏர்வாடி தர்காவும் இதற்குப் பெயர்பெற்றவை. வழிபாடு குடும்பத்துக்குத் தரும் தெம்பு உண்மையானது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தனர். அந்த நிகழ்ச்சிக்குப் பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. தர்கா வளாகத்திலேயே மருத்துவரும் இருக்கும்படியாகப் பிரார்த்தனையையும் சிகிச்சையையும் இணைத்த திட்டம் ஏர்வாடியில் பின்னர் வந்தது. ஒன்றை விட்டுத்தான் மற்றொன்று என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு அது சான்று.

மரபும் எப்போதும் அடிபட்டவர் பக்கம் நிற்கவில்லை. மனுஸ்மிருதி சித்தம் பிறழ்ந்தவருக்கும் உடற்குறை உடையவருக்கும் சொத்தில் பங்கு மறுத்து, சோறு மட்டும் போடச் சொன்னது. 1928ஆம் ஆண்டின் சட்டம் அந்தத் தடையைப் பெரிதும் தளர்த்தியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, நோயோ குறையோ எவரையும் வாரிசுரிமையிலிருந்து விலக்காது என்று முடித்துவைத்தது. ஆள் அதே ஆள்தான் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் அது. ஆனாலும் சட்டம் இன்னும் கண்ணுக்குத் தெரியும் உறுப்பையே எளிதாக எண்ணுகிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கை, கால், விரல், கண் என்று ஒவ்வொன்றுக்கும் விழுக்காடு தந்தது. அட்டவணையில் இல்லாத காயத்துக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவர் மதிப்பிட வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. மூளைக்காயம் தனி வகையாக இல்லை. அடிபட்டவர் நடை, பேச்சு, அறிவுத்திறன் என்று எந்தக் குறை மிஞ்சியதோ அந்த வகையின் வாசல் வழியாகவே அடையாள அட்டை பெற வேண்டியிருக்கிறது. மூளைக்காயத்தால் மொழித்திறன் இழந்தவருக்குப் பேச்சு, மொழிக் குறைபாடு என்ற வகை பொருந்தும். இதைத் தெரிந்து சொல்லும் ஒருவர் ஊரில் இருந்தால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு அலைச்சல் மிச்சமாகும்.

சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலும், வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதே ஆண்டு ஆகஸ்டிலும் தொடங்கின. உயிரைக் காக்கவும் கை கால்களை இயக்கவும் ஏற்பாடு உண்டு. நினைவு, கவனம், கோபம், பேச்சு ஆகியவற்றை மீட்கும் நெடிய வேலைக்கு மருத்துவமனை மட்டும் போதாது. அது வீட்டிலும் தெருவிலும் நடப்பது. ஊரின் பங்கு தொடங்குவது அங்கேதான்.

அந்தப் பங்குக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்வது, பதிலுக்குக் காத்திருப்பது, சொல் வராதவரின் வாக்கியத்தைப் பறித்து முடிக்காமல் இருப்பது, அவரைப் பற்றி அவரிடமே கேட்பது ஆகியவை பழக்கத்தால் வருபவை. தள்ளாடுபவரைக் குடிகாரர் என்று முடிவுகட்டுவதற்கு முன் விசாரிப்பது பேருந்து நடத்துனருக்கும் காவலருக்கும் சொல்லித்தரக்கூடியது. மகளிர் சுயஉதவிக் குழு வாரத்தில் சில மணி நேரம் நோயாளியுடன் இருக்க ஆள் தந்தால், பராமரிப்பவர் மருந்து வாங்கவோ தூங்கவோ முடியும். கிராம சபைக் கூட்டத்தில், விபத்துக்குப் பிறகு வீட்டோடு இருப்பவர்கள் யார் யார் என்ற கேள்வி எழுந்தால், அட்டை இல்லாதவர், இழப்பீடு வராதவர் வெளிச்சத்துக்கு வருவார்கள். வேலைக்குத் திரும்ப விரும்புபவரை வெடிமருந்து அறைக்கு அனுப்பக் கூடாது. கவனம் ஒரு நொடி தவறினாலும் அங்கே பலர் உயிர் போகும். லேபிள் ஒட்டுதல், பெட்டி மடித்தல் போன்ற, மருந்தைத் தொடாத, வரிசை மாறாத வேலை அவருக்குக் கூலியோடு ஒழுங்கையும் தரும். திருவிழாவில் அவருக்கு உரிய முறையையும் வரிசையையும் தவறாமல் தருவதும் இதில் சேரும். ‘அவருக்குத் தெரியவா போவுது’ என்று விட்டுவிடும் ஒவ்வொரு முறையும் அவர் ஆள் கணக்கிலிருந்து சிறிது சிறிதாக நீக்கப்படுகிறார்.

திருமூலர் மனிதரை நடமாடும் கோயில் என்றார். அங்கே கொடுத்தது இறைவனைச் சேரும், இறைவனுக்கென்று கோயிலில் கொடுத்தது மனிதரைச் சேராது என்பது அவர் கருத்து. நடக்க முடியாதவரும் பேச முடியாதவரும் அந்தக் கணக்கில் அடங்குவர், ஏனெனில் கோயிலாவதற்குத் தகுதி உள்ளிருக்கும் உயிர். கருவிகளின் திறமை அதற்கு அளவுகோல் ஆகாது. கருவி பழுதானால் ஆள் மாறுவதில்லை, ஆனால் துணையில்லாமல் அவர் வெளிப்பட மாட்டார். சித்தாந்தத்தின் விடையும் கேஜின் வாழ்வும் சேர்ந்து சொல்வது இதுவே. ‘பழைய மனுஷன் இல்ல’ என்ற சொல் உண்மையாவதும் பொய்யாவதும் அடிபட்டவரின் தலைக்குள் எஞ்சியிருப்பதை மட்டும் பொறுத்ததாக இல்லை. அவரைச் சுற்றியிருப்போர் எவ்வளவு துணையாக நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.